நடுப்பகல் மணியும் நீலச் சைக்கிளும்

கடவுளை மறக்கச் செய்யும்படி கடவுளிடமே மன்றாடியவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. நடு வாவியில், ஓடுகிற தோணிக்குள், தண்ணீர் இறைக்கும் பால்மா டின்னோடு இருந்தேன்.

எங்கள் வீட்டில் கோயில் மணி அடித்தால் எல்லாக் கையும் நிற்கும். காலை, நடுப்பகல், மாலை மூன்று வேளையும் அப்படித்தான். அம்மா பின்னிக்கொண்டிருந்தால் என் தலை ஒரு பக்கம் பின்னலும் மறுபக்கம் விரியலுமாகக் கிடக்கும். அப்பா வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு, சிலுவை அடையாளம் போட்டு, திரிகாலச் செபத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் மீண்டும் இழுப்பார். மீன்களுக்கும் அந்த நேரம் மனப்பாடம், பாதி தப்பிவிடும் என்று அம்மாவின் தம்பியான மாமா கேலி செய்வார். நான் செபத்துக்கு வாயை மட்டும் அசைப்பேன். மனம் பெட்டிக்கடைப் பக்கம் போய்விடும்.

அந்த வருடம் கோயில் திருநாளுக்குத் தோணிப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு ஒரு நீலச் சைக்கிள். பள்ளிக்கூடத்துக்கு நான் அரை மணி நேரம் வாவிக்கரை வீதியால் நடக்க, என் வகுப்புக்காரிகள் மணியடித்துக்கொண்டு என்னைக் கடந்து போவார்கள். கோயில் முற்றத்தில் ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்த அந்தச் சைக்கிளின் சீட்டை ஐந்து தரம் தொட்டுப் பார்த்தேன். அப்பாவும் மாமாவும் துடுப்புப் போட, எங்கள் தோணி ஒழுகுவதால் தண்ணீர் இறைக்க என்னையும் ஏற்றினார்கள். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

ஒன்பது மணிப் போட்டி, பிரதம விருந்தினருக்காகக் காத்திருந்து, பதினொன்றே முக்காலுக்குத்தான் தொடங்கியது. அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. கொடி விழுந்ததும் பறந்தோம்! தண்ணீர் முகத்தில் அடிக்க, இறைப்பதை விட்டுவிட்டுக் கத்தினேன். இரண்டு தோணிகளைக் கடந்தோம். தூரத்துக் கம்பத்தைச் சுற்றித் திரும்பியபோது முன்னால் யாருமே இல்லை. கரையில் அம்மா இரண்டு கையையும் தூக்கித் துள்ளுவது தெரிந்தது. சைக்கிள் என்னுடையதுதான்.

அப்போது கோயில் மணி அடித்தது.

முன்னால் இருந்த மாமா திரும்பாமலே சொன்னார்: “அத்தான், இப்ப வேணாம். மறுகா சொல்லுங்க.”

நான் கண்ணை இறுக்கி மூடினேன். ஆண்டவரே, இந்த ஒரு தரம் மட்டும் அப்பா உம்மை மறக்க வேணும் என்று நெஞ்சு வெடிக்கக் கேட்டேன். கண்ணைத் திறந்தபோது அப்பாவின் துடுப்பு மடியில் கிடந்தது. வலது கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, இரண்டு தோளையும் தொட்டது. உடனே துடுப்பை எடுத்து முன்னிலும் வேகமாகப் போட்டார். உதடு செபத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் பின்னால் வந்த தோணி எட்டிவிட்டது. ஒரு முழத்தில் தோற்றோம். கரையில் யாரோ எடுத்த வீடியோ இன்னும் மாமாவின் போனில் இருக்கிறது. அதில் பார்த்தால், அப்பா துடுப்புப் போடாமல் விட்டது ஒரே ஒரு தரம்தான்.

இரண்டாம் பரிசு அலுமினியப் பானை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு நாளைக்கு மறந்திருக்கலாம்தானே என்று அப்பாவிடம் கேட்டேன்.

“மறக்கத்தான் பார்த்தன் மகள்,” என்றார். “கை கேக்கல்ல.”

அந்த முகத்தைப் பார்த்து அவரோடு கோபிக்க முடியவில்லை. கோபமெல்லாம் ஆண்டவர் மேல் திரும்பியது. இனி அவரை நினைக்கவே மாட்டேன் என்று சபதம் போட்டேன். அதை அவரிடமே சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். பின்னால் சைக்கிள் மணி கேட்டால், உமக்குக் கண் இல்லையா என்பேன். வெயில் சுட்டால் அதற்கும் அவர்தான் பொறுப்பு. சில நாள் அவர் பக்க நியாயத்தையும் நானே சொல்லி, அதையும் மறுத்துப் பேசுவேன். வீடு வந்து சேர்ந்ததுகூடத் தெரியாது.

அடுத்த வருடம் அப்பா பழைய சைக்கிள் ஒன்று வாங்கித் தந்தார். ஏறி மிதித்த அன்றே சண்டையும் போயிற்று, ஆண்டவரின் நினைப்பும் போயிற்று. அப்பா அவரை நாளுக்கு மூன்று தரம் நினைத்தார். அந்த ஒரு வருடம் நான் வழி நெடுக அவரையே நினைத்தபடி நடந்திருக்கிறேன் என்பது, மணியடித்துக்கொண்டு பறந்த அந்தப் பிள்ளைக்கு விளங்கவே இல்லை.