ஒயில் தொட்டிக்கு ஒரு கம்பளிப் போர்வை

பனி அள்ளுகிற தொழிலில் வானிலை சொல்பவர்தான் முதலாளி; அவர் வாய் திறந்தால்தான் எங்களுக்கு வேலை. டொரொண்டோவில் ஒரு குளிர்காலமாவது ஷவலோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சிற்றி நிர்வாகத்தின் வண்டி தெருவைத் துப்புரவாக்கிவிட்டு, அந்தப் பனியையெல்லாம் நம் வாசலில் மதிலாகக் கட்டிவிட்டுப் போகுமே, அந்த மதிலை உடைப்பதுதான் தொண்ணூறுகளில் எனக்கும் மச்சான் யோகனுக்கும் பிழைப்பு.

சுற்றியது, சுற்றாமல் இல்லை

எங்களிடம் இருந்தது சின்ன ட்ராக்டர். அதன் முன்னுக்குப் பூட்டவென்று பனியை அள்ளித் தூர எறிகிற பழைய ஸ்னோ புளோவர் ஒன்றை அஜக்ஸில் ஒருவரிடம் வாங்கினோம். ஒயிலின் தள்ளுவிசையில் சுற்றுகிற சாதி. மண் அள்ளுகிற முன்வாளியைத் தூக்கி இறக்குகிற ஒயில் குழாய்தான் ட்ராக்டரில் ஏற்கெனவே இருக்கிறதே, அதிலேயே கொழுவிவிட்டால் போச்சு என்று நினைத்தோம்.

முதல் வேலை மில்லிக்கனில், பிலோமினா அன்ரி வீட்டில். அவருடைய கணவர் சூசை அங்கிளுக்குச் சிறுநீரகம் பழுது. ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் இரத்தம் சுத்திகரிக்கிற டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வான் வண்டி வரும். வாசல் மூடிக் கிடந்தால் சக்கர நாற்காலியை வானுக்குக் கொண்டுபோக முடியாது; ஒருநாள் தவறினாலே அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிடும். மற்ற வீடுகள் பிந்தலாம், இந்த வீடு பிந்தக்கூடாது.

புளோவர் கூழ் துழாவுகிற அகப்பை போல நிதானமாகச் சுற்றியது. பனி அதன் காலடியிலேயே விழுந்தது. நல்லகாலம், அன்று பெய்தது கொஞ்சம், ஷவலால் சமாளித்தோம். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அன்ரி கதவைத் திறந்து சொன்னார்: "தம்பி, உது பனியை எறியேல்லை. கிளறிப்போட்டுப் பாத்துக்கொண்டெல்லோ நிக்குது."

பின்னால் ஒரு பம்ப்

ஹைட்ரோலிக் சாமான் விற்கிற கடைக்காரர் எங்கள் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்குப் புண்ணியம். வாளியைத் தூக்கக் கொஞ்ச ஒயில் மெதுவாக வந்தால் போதும், புளோவர் சுற்ற நிறைய ஒயில் விடாமல் ஓடவேண்டும், ட்ராக்டரின் சொந்தப் பம்ப் அவ்வளவு தராது என்று விளங்கப்படுத்தினார். வழியும் அவரே சொன்னார். ட்ராக்டரின் பின்பக்கம் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற தண்டில் பெரிய பம்ப் ஒன்று, அதற்கென்று தனி ஒயில் தொட்டி, அங்கிருந்து முன்னுக்குத் தடித்த குழாய்கள்.

பூட்டி ஓட்டியபோது பனி வில்லாக வளைந்து புல்வெளியின் அந்தலையில், கடைசி ஓரத்தில் போய் விழுந்தது. யோகன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ட்ராக்டரின் மூக்கைத் தடவி மெல்லச் சொன்னான்: "பாவம், உனக்கு வயித்துக்குக் காணாமல் குடுத்துப்போட்டு உன்னையெல்லோ ஏசினனாங்கள்."

போர்வை

கடுங்குளிரில் ஒயில் இறுகும். காலையில் பம்ப் முனகும். யோகனின் மனைவி வசந்திக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. குளிர் என்றால் மூக்குநுனிவரை மூடுகிற சனம் அல்லவா நாங்கள்? தடித்த கம்பளிப் போர்வையால் தொட்டியைச் சுற்றி, பழைய சேலைத் துண்டால் கட்டிவிட்டாள். இரவுக்கு மூடினது சரி. வேலை செய்யும்போதும் அதைக் கழற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

பெரும்பனி கொட்டிய ஒரு காலை, கடைகள் நிறைந்த பிளாசா ஒன்றின் பெரிய முற்றத்தை விடியமுன்பே முடித்துக்கொண்டு அன்ரி வீட்டுக்கு வந்தோம். வாசலில் பாதிகூடப் போகவில்லை, புளோவர் சோர்ந்து நின்றுவிட்டது. தொட்டி கைவைக்க முடியாத சூடு. ஒயில் கொதித்து நீர்த்துப்போனால் எதைத் தள்ளும்? தெருவில் வான் காத்து நிற்கிறது. நானும் யோகனும் ஷவலைத் தூக்கினோம். அன்ரி ஜாக்கெட்டும் இல்லாமல் வீட்டுச் செருப்போடு ஓடிவந்து எங்களோடு அள்ளத் தொடங்கினார். உள்ளே போகச் சொன்னோம், கேட்கவில்லை. வான் சாரதியும் இறங்கி அள்ள, ஒருவழியாக அங்கிளை ஏற்றி அனுப்பினோம்.

அதற்குப் பிறகுதான் அன்ரி போர்வையைக் கண்டார். கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காய்ச்சல் கொதிக்கிற பிள்ளையை ஆரும் இப்பிடிச் சுத்திக் கட்டுவினமே? கழட்டுங்கோ, அது மூச்சு விடட்டும்."

அங்கிளின் நேர்த்தி

அடுத்த பனிக்குப் போர்வையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனோம். வான் வருமுன்பே வாசலில் தார் கறுப்பாகத் தெரிந்தது. அன்ரி கதவைப் பூட்டிக்கொண்டிருந்த நேரம், நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிள் நிறுத்தச் சொல்லி என் கையைப் பிடித்தார். அதிகம் பேசாத மனிதர். ஊசி குத்திக்கொண்டு டயாலிசிஸில் கிடக்கிற நேரம் அவருக்கு வெறுத்துப்போய்விட்டதாம். ஒருநாளாவது அன்ரியோடு வீட்டில் இருந்து ஆறுதலாகத் தேத்தண்ணி குடிக்க ஆசையாம். அதனால் எங்கள் மெஷின் பழுதாகவேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தாராம்.

எனக்குக் கோபம் வரவில்லை, கண்தான் கலங்கியது. இப்போதும் அந்த நேர்த்தி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கதவடியில் நின்ற அன்ரியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இல்லையடா தம்பி. அண்டைக்கு அவள் செருப்போடை பனிக்குள்ளை நிண்டு அள்ளினதைக் கண்டனான். அதோடை நேத்தியை மாத்திப்போட்டன்."

ஆகவே ஷவல் பிடித்த சகோதரங்களே, மெஷின் நின்றால் ஒயிலைத் தொட்டுப் பார்ப்பதோடு விட்டுவிடாமல், வாடிக்கைக்காரர் அந்தோனியாரிடம் என்ன கேட்டிருக்கிறார் என்றும் ஒருக்கால் விசாரித்துக்கொள்ளுங்கள்.