தண்ணீருக்குள் மூச்சுத் திணறிய மீன்

கோவில்பட்டியில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போன காலத்தில் எனக்கு மீன் வளர்க்கும் ஆசை வந்தது. அதிலும் சாதாரண மீன் இல்லை, மதுரைக் கடையில் பார்த்த பிச்சிர். டைனோசருக்கும் முந்திய வம்சம் என்றார் கடைக்காரர். முதுகில் ரம்பம் போல வரிசையாகக் குட்டித் துடுப்புகள், கல் மாதிரிச் செதில், பாம்பு மூஞ்சி. கண் மந்தம். ஈரல் துண்டைப் போட்டால் பக்கத்தில் கிடப்பதை விட்டுவிட்டுத் தொட்டி முழுக்க மோந்து தேடும். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது; தொட்டியோடு வாங்கி வந்துவிட்டேன்.

என் மனைவிக்குப் பிடித்தது தொட்டி மட்டும்தான். அதில் ஆறு குடம் தண்ணீர் பிடிக்கும். "இது என்னைக்குச் செத்துப்போவுதோ, அன்னைக்குத் தொட்டி எனக்கு" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பத்து வருஷம்கூட இருக்கும் என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது.

ஒரு குழாய் நாளில் வீட்டுக்கு வந்தேன். அண்டா, வாளி, சொம்பு, இட்லிச் சட்டி வரைக்கும் தளும்ப நிறைத்து மூடியிருந்தாள். மீன் தொட்டியும் அப்படியே. விளிம்புவரை தண்ணீர், மேலே கண்ணாடி மூடி, பாரத்துக்கு அம்மிக் குழவி. திறந்திருந்தால் மீன் ஏறி வெளியே ஓடிவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். உள்ளே பிச்சிர் மூடியை முட்டியது, சரிந்தது, மறுபடி முட்டியது.

"ஏட்டி, மூடியை எடு. அதுக்கு மூச்சு முட்டுது."

"தண்ணிக்குள்ள இருக்க மீனுக்கா?"

அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். நானே குழவியைத் தள்ளி மூடியைத் தூக்கினேன். மீன் மேலே வந்து லபக்கென்று காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போய்ப் படுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. செவுளோடு இதற்கு நுரையீரலும் உண்டு, மேலே காற்றுக்கு இடம் வேண்டும், வற்றும் குட்டைகளில் பிழைத்த சாதி என்று படபடவென்று விளக்கினேன். ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியேகூடக் கொஞ்ச நேரம் தாங்கும் என்று பெருமையாக வேறு சேர்த்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அப்ப தண்ணி குறையக் குறைய அதுக்கு நல்லதுதான்" என்றாள்.

"நாலு விரல் குறைச்சாப் போதும்."

அன்றே இரண்டு குடம் மொண்டாள். அடுத்து துணி அலச ஒரு வாளி. பிறகு நான் பார்க்காத நேரத்தில் பாத்திரம் கழுவ. அடுத்த குழாய் நாளுக்கு முன்னால் பார்க்கிறேன், பிச்சிரின் முதுகுத் துடுப்புகள் தண்ணீருக்கு வெளியே நிற்கின்றன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரல் துண்டை அதன் மூக்கருகே நகர்த்திக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்: "பாருங்க, இப்ப அதுக்கு மேல வார சிரமம்கூட இல்லை. படுத்த இடத்துலயே மூச்சு விடுதுலா."