விற்கக் கூடாத பால்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் பெண்மணி மாடு வளர்க்கிறார். என்னைவிட மூத்தவர், ஒழுங்கையில் எல்லாரையும் போல நானும் ‘ராத்தா’ என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் இருப்பது ஒரே மாடு. காலையில் ஒரு போத்தல் பால் எனக்கு; மகன் குடித்த மிச்சத்தில் தயிர் போடுவேன்.

போன வருஷம் ஒரு கிழமை, ஏழு நாளும், அவர் சல்லி வாங்க மறுத்துவிட்டார். “புள்ளைக்கித்தானே, சும்மா எடுங்க” என்றார். பால் விற்கும் விலைக்கு யார்தான் வேண்டாமென்பார்கள்?

அந்தக் கிழமை தயிர் உறையவில்லை. உறைமோரை மாற்றினேன், சட்டியை மாற்றினேன். பால் பாலாகவே கிடந்தது.

“உன்ர கோபத்துக்குப் பயந்துதான் உறையேல்லை” என்று என் கணவர் சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த நாள் மகனின் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. கண் வீங்கி மூடிக்கொண்டது. அவனுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. சிறுவயதில் ஒருமுறை மூச்சுத் திணறிப் பிழைத்த பிள்ளை.

“என்ன மருந்து குடுத்தனீங்கள்?” என்றார் டொக்டர்.

“ஒண்டுமே குடுக்கேல்லை!” என்று கத்திவிட்டேன்.

தடிப்பு அடங்கியபின் சாப்பாட்டை விசாரித்தார். பால் உறையாத கதையைச் சொன்னதும் நிமிர்ந்தார். “மாட்டுக்கு மருந்து ஏதும் போட்டவையோ? பாலில பென்சிலின் மாதிரி மருந்து இருந்தா உறையாது. காய்ச்சினாலும் போகாது.”

நேரே ராத்தாவின் வாசலுக்குப் போனேன். மாட்டுக்கு மடி வீங்கி, ஒரு காம்பில் பால் திரிதிரியாக வந்ததாம். மிருக வைத்தியர் ஊசி போட்டுவிட்டு, “விக்குணன்ன எப்பா” என்று சிங்களத்தில் சொல்லிப் போனாராம்.

“விக்க வாணாண்டு தானே செல்லின. மத்தக் காம்புப் பால் நல்ல வெள்ளையா இருந்திச்சி. கொட்ட மனசு வரல்ல. அதான் சும்மா தந்த, தங்கச்சி.”

வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த வசவை விட்டுவிட்டு, மகனுக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் படியிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்குக் கோபம் தீரவில்லை. அவர் அழுவதையும் பார்க்க முடியவில்லை.

மடி ஆறி, வைத்தியரும் சரியென்று சொன்ன பிறகு ஒரு காலை போத்தலோடு வந்து நின்றார். நான் கை நீட்டவில்லை.

“இது விக்கிற பால்” என்றார். “சல்லி தாங்க.”

கொடுத்தேன். முதலில் கொஞ்சத்துக்கு உறை ஊற்றினேன், உறைந்தது. அதன்பிறகுதான் மகனுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தேன்.

பெருநாளன்று ராத்தா இனிக்க இனிக்க வட்டிலப்பம் அவித்துச் சும்மா தருவார். பாலுக்கு மட்டும், சல்லி கைக்கு வந்த பிறகுதான் போத்தலை விடுவார்.