மட்கார்டில் இரண்டு தட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள். பேய், பிசாசு என்று யாராவது சொன்னால் கிண்டலடித்தே விரட்டுகிற ஆள் நான். 1989-இல் அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி எனக்கு லாரி ரிப்பேர் ஷெட். ஹாஜா மைதீன் பாய் தன் பழைய லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டுவந்து நிறுத்தினார். அவர் தம்பி பாட்சா அந்த லாரியில்தான் செத்துப்போனான். கூடுவாஞ்சேரிப் பக்கம், விடியற்காலையில் மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போகப் பார்த்திருக்கிறான். இன்ஜின் கிளம்பவில்லை.

"ஜெயவேலு, மூணாவது சிலிண்டர்ல கம்ப்ரஷன் கம்மின்னு தம்பி சொல்லிகினே இருந்தான். அடுத்த டிரிப் முடியட்டும்னு நான்தான் தள்ளிட்டேன். என்னாலதான் செத்தானா? அத மட்டும் பாத்துச் சொல்லு" என்றார் பாய்.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பாய் ஜும்மா தொழுகைக்குப் போனார். லாரியின் பேட்டரி சுத்தமாக உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றி, சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு நல்ல பேட்டரி இரவல் வாங்கி வர என் ஷெட் டிரைவர் துரைராஜை அனுப்பினேன். சிலிண்டர்களுக்குள் டீசல் பீய்ச்சும் ஆறு நாசிலையும் கழற்ற ஆரம்பித்தேன். உச்சி வெயில். ஷெட்டில் வேறு ஆள் இல்லை.

கடைசி நாசிலைக் கழற்றும்போது கேபின் கதவு சாத்துகிற சத்தம். துரைராஜ் வந்து பேட்டரியை மாட்டிவிட்டு ஏறிவிட்டான் என்று நினைத்தேன். பானட் திறந்திருந்தால் கேபினில் இருப்பவன் தெரியமாட்டான். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். மட்கார்டை இரண்டு தட்டு தட்டினால் செல்ஃப் அடித்து இன்ஜினைச் சுற்றவிட வேண்டும்.

முதல் சிலிண்டரின் நாசில் ஓட்டையில், உள்ளே காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் மீட்டரைப் பொருத்தினேன். டொக்... டொக்.

இன்ஜின் சுற்றியது. முள் இருபத்தைந்துக்கு ஏறியது, நல்ல அழுத்தம். இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவது... பத்தைத் தாண்டவில்லை.

உள்ளே கொஞ்சம் ஆயில் ஊற்றினேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் இப்போது முள் ஏற வேண்டும். தட்டினேன். சுற்றியது. ஏறவில்லை. வால்வு கசிவாகத்தான் இருக்கும். மீட்டரைக் கழற்றினேன்.

இன்ஜின் நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். காற்று. கசிகிற காற்று வெளியே மட்டும்தான் வரும்.

இது என் கையை உள்ளேயும் இழுத்தது.

வெளியே... உள்ளே...

திணறல்.

"துரைராஜு, எறங்குடா."



கேபினுக்குள்ளிருந்து... டொக். டொக்.

"இன்னாண்ணா, யார கூப்புடுற?"

குரல் பின்னால் வாசலிலிருந்து வந்தது. துரைராஜ். தோளில் பேட்டரி.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கேபினில் யாரும் இல்லை. பேட்டரிப் பெட்டி காலி. ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

பாய் வந்ததும் இரவல் பேட்டரியை மாட்டி மறுபடி பார்த்தோம். துரைராஜ் செல்ஃப் அடிப்பதைப் பாயே பக்கத்தில் நின்று பார்த்தார். மூன்றாவது சிலிண்டர் இருபத்தைந்து. ஆறும் ஒன்றுபோல. "இன்ஜின்ல கொற இல்ல, பாய்" என்றேன். அவர் கதவில் சாய்ந்து அழுதார். மத்தியானம் நடந்ததை நான் சொல்லவில்லை. ஆனால் அன்றோடு மட்கார்டைத் தட்டுவதை விட்டுவிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்தால்தான் வேலை.

சில மாதம் கழித்து கூடுவாஞ்சேரியில் டீ குடிக்க நின்றேன். எதிரேதான், பாட்சா செத்த அன்றைக்கு அவன் லாரி நின்றிருந்ததாம். கடைக்காரர் தனக்கோடி சொன்னார்.

"கொஞ்ச நேரம் செல்ஃப் அடிக்கிற சத்தம் கேட்டுது. அப்புறம் பேட்டரி உக்காந்துடுச்சு. விடியற வரைக்கும் கதவ ரெண்டு ரெண்டா தட்டிகினு இருந்தான்பா. யாரோ வண்டில வேலை பாக்குறாங்கன்னு... நாங்க யாரும் போகல."