யாரும் கூப்பிடாத பத்தி

சற்குணத்தின் இரத்த அழுத்தம் இன்றும் கூடுதல்தான். கோபத்தைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். நான் சொல்வதில்லை. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

1991இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சிப் தொழிற்சாலை. நான் கிளினிக் நர்ஸ், எல்லாருக்கும் ‘மிஸி’; அவள் கம்ப்யூட்டர் பிரிவில். எந்தப் பெண்ணுக்கு எந்த அறையில் வேலை என்று வாராவாரம் பிரித்துக் கொடுத்த புரோகிராம் கோபோல் மொழியில் இருந்தது. புது கம்ப்யூட்டர் வந்ததும் அதை சி மொழிக்கு மாற்றச் சொன்னார்கள்.

மேனேஜர் விநாசித்தம்பிக்கு அவசரம். “வரிக்கு வரி மாத்திட்டுப் போ. இதுல யோசிக்க என்ன இருக்குலா?”

“இருக்கு பாஸ். கோபோல்ல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பத்தி, ஒரு பத்தி முடிஞ்சா அடுத்த பத்திக்கு அதுவே போயிடும். சி-ல நாம கூப்பிட்டாத்தான் வரும். எது எதுக்குள்ள போகுதுன்னு முழுசாப் படிக்கணும். ரெண்டு மாசம் கொடுங்க.”

“கதை படிக்கவா உனக்குச் சம்பளம்?”

வேலையை வெளியாட்களிடம் கொடுத்தார். அவர்கள் வரிக்கு வரி மாற்றினார்கள்.

எங்கள் பெண்கள் மூன்று மாதம் தாண்டாமல் கர்ப்பத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். கிளினிக்கில் மட்டும் சொல்வார்கள். நான் அதைக் கம்ப்யூட்டரில் பதிவேன். அடுத்த வாரப் பட்டியலில் அவர்கள் சிப் கழுவும் அமில அறையில் இருக்க மாட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அதைச் செய்தது கோபோல் புரோகிராமில் ஒரு பத்தி. புதிய புரோகிராமில் அதை யாரும் கூப்பிடவில்லை.

அப்படி என்னிடம் சொல்லியிருந்த சபூரா அமில அறையில் மயங்கி விழுந்தாள். “நீங்க பதிஞ்சிருப்பீங்க மிஸி. கம்ப்யூட்டர் அந்த அறைலயே போட்டதால பரவாயில்லைன்னு நெனச்சேன்” என்றாள். என் பதிவு கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. நான் சற்குணத்தை அழைத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

“கிளினிக்ல பதிய மறந்துட்டாங்கன்னு எழுது சற்குணம். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது” என்றார், என் முகத்துக்கு நேராகவே.

சற்குணம் நேராக அமில அறைக்குப் போனாள். கர்ப்பிணிகளை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் மறைத்தது வெளியே தெரிந்துவிடும். அதனால் மொத்த அறையையும் வெளியே வரச் சொன்னாள். உற்பத்தி லைன் நின்றது. அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

சபூராவின் கரு நிற்கவில்லை. அமிலம்தான் காரணம் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. இல்லை என்றும் எழுத மாட்டேன், கம்பெனி கேட்டும் எழுதவில்லை.

புரோகிராமைச் சரிசெய்ய வேறு ஆள் கிடைக்காமல் விநாசித்தம்பி ஆயர் ஈத்தாமில் இருந்த அவள் பிளாட்டுக்கே வந்தார். “ரெண்டு மாசம்” என்றாள். உள்ளே இருந்த பெண்களுக்காகப் போனாள், ஒவ்வொரு பத்தியையும் படித்து மாற்றினாள், முடித்த அன்றே வெளியே வந்தாள்.

போன வாரம் அவள் கையில் அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றினேன். “மிஸி, அந்த ஆளுக்கு ஓய்வு பெறுற விருந்தாம். என்னையும் கூப்பிட்டிருக்கான்லா.”

“பேசாதே, அளக்கணும்” என்றேன். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி அளந்தேன். குறையவில்லை.