தரையில் வைக்காத ரசமட்டம்

என் வீட்டுக்காரருக்கு அக்கம்பக்கத்தில் ரசமட்டம் என்று பட்டப்பெயர். கொத்தனார் வேலை இல்லாத நாளிலும் அந்த ரசமட்டக் கட்டை அவர் பையில் இருக்கும். டீக்கடை மேசை, ஆஸ்பத்திரி பெஞ்சு, சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு மேசை, எதையும் விடமாட்டார். கட்டையை வைத்துவிட்டு, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்ப்பார். நடுவில் நின்றால் பேச்சில்லை. நகர்ந்திருந்தால் அந்த மேசையைச் செய்தவனின் பரம்பரையையே இழுத்துவிடுவார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், "சாஞ்சிருக்கிறத சாஞ்சிருக்குன்னு சொன்னா தப்பா?" என்பார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

எங்கள் மகன் வேலை மாறிச் சின்ன வீட்டுக்குப் போனபோது, அவனுடைய மீன் தொட்டியை எங்கள் தலையில் கட்டினான். ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய தொட்டி. தொட்டி வந்தது, அதை வைக்கிற ஸ்டாண்டு வரவில்லை. மீன்களைக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் விட்டோம். அன்றிலிருந்து மீன்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் நான் குளிக்கிறேன்.

ஸ்டாண்டு செய்ய என் தம்பியைக் கூப்பிட்டேன். எங்கள் அப்பா மாதிரி அவனும் தச்சன். அப்பா அம்மா போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் அவன் ஒருவன்தான். பட்டறையில் நல்ல மரமாகப் பார்த்து அறுத்துச் செய்து கொண்டுவந்து, ஹாலில் ஜன்னலோரம் போட்டான். தொட்டியை ஏற்றிப் பாதிக்குத் தண்ணீர் விட்டோம். ஜன்னல் பக்கம் தண்ணீர் ஒரு விரல் அளவு ஏறி நின்றது.

"மாப்ள, உன் ஸ்டாண்டு சாஞ்சிருக்கு" என்றார் இவர்.

"ஸ்டாண்டு சரியாத்தான் இருக்கு மாமா. தரையைப் பாருங்க."

அவன் வேலைக்காரனாகச் சொன்னான், குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் இந்த வீடு இவர் லீவு நாளில் எல்லாம் தன் கையாலேயே கட்டியது. முகம் சிவந்துவிட்டது. "இது நான் போட்ட தரை" என்றார். அதோடு வழக்கு முடிந்துவிட்டதாம்.

அப்படியே நிரப்பினால் பாரம் ஒரு பக்கமாக ஏறி, கண்ணாடி ஒட்டு விட்டுவிடும் என்றான் தம்பி. ஜன்னல் பக்கத்துக் கால்களுக்கு அடியில் ஆப்பு கொடுத்தால் அரை மணி நேர வேலை. இவர் விடுவாரா?

"என் தரையில ஆப்பு வைக்கிறதா? எதிர்ப்பக்கத்துக் கால வெட்டு."

"சரியா இருக்கிற கால எதுக்கு மாமா வெட்டணும்?"

இருவருக்கும் நடுவில் நான். அந்தத் தரையைத் தினமும் துடைக்கிறவளும் நான்தான். எங்கே தண்ணீர் கொட்டினாலும் அது ஜன்னல் மூலைக்குத்தான் ஓடும். சொன்னேன். "உனக்குத் துணியப் பிழியத் தெரியல" என்றார். பேரன் எடுத்த பிறகு எனக்குத் துணி பிழியத் தெரியவில்லையாம்!

அப்புறம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். ஸ்டாண்டு சும்மா இருக்கும்போது சரியாக இருக்கிறது, பாரம் ஏறினால் வளைகிறது என்றார். என் முகத்துக்காகத் தம்பி வாயைத் திறக்காமல் நடுவில் இரண்டு கால்கள் சேர்த்தான். தண்ணீர் விட்டோம். அதே ஒரு விரல். முதுகுப் பக்கம் தடித்த பிளைவுட் அடித்தான். அதே விரல். குறுக்குச் சட்டம் கொடுத்தான். அதே விரல். ஒவ்வொரு தடவையும் தொட்டியைக் காலி பண்ண வேண்டும். வாளி வாளியாக மொண்டு ஊற்றியது யார்? இந்த இரண்டு பேரில் ஒருவரும் இல்லை. கடைசியில் யானை ஏறி நின்றாலும் தாங்குகிற மாதிரி ஆகிவிட்டது அந்த ஸ்டாண்டு. சாய்வு மட்டும் போகவில்லை.

இவர் கட்டையை ஸ்டாண்டு மேல் வைத்தார், தொட்டி விளிம்பில் வைத்தார், ஜன்னல் திண்டில்கூட வைத்தார். ஊரான் வீட்டு மேசையை எல்லாம் அளந்த மனுஷர், கீழே தரையில் மட்டும் வைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குறுக்குச் சட்டமும் பலிக்காத அன்றைக்கு வாயை அடக்காமல் சொல்லக்கூடாததையும் சொல்லிவிட்டார். "வேல சுத்தமா இருக்கணும் மாப்ள. உங்க அப்பாவுக்கு இருந்துச்சு. உனக்கு அது வரல."

தம்பி உளி, சுத்தியல், இழைப்புளி எல்லாவற்றையும் பையில் போட்டுத் தோளில் மாட்டினான். "அக்கா, என்னைப் பாக்கணும்னா நீ என் வீட்டுக்கு வா. நான் இனிமே இங்க வரமாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இவர் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கித் தரையில் வைத்தேன். "ரெண்டு பேரும் பாருங்க!" என்று கத்தினேன். குமிழி ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்தது நான்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தம்பியும் வாசற்படியில் நின்று குமிழியைப் பார்த்தான். அப்போதே சொன்னேனே என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானே கை தட்டியிருப்பேன்.

"ரசமட்டம் பழசாயிடுச்சுக்கா. குழாய் தளர்ந்திருக்கும். இத நம்ப முடியாது" என்றான்.

நியாயம் முழுக்கத் தம்பி பக்கம் இருக்க, இப்படியும் ஒரு பொய்யா! அவனை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

இவர் கட்டையைத் துண்டால் துடைத்தார். தலைமாற்றித் திருப்பி அதே இடத்தில் வைத்தார். குமிழி மறுபடியும் அதே பக்கம் போனது.

"கோளாறு மட்டத்துல இருந்தா, திருப்பி வச்சதும் குமிழி இந்தப் பக்கம் வந்திருக்கணும் மாப்ள. வரல. தரைதான் தப்பு." தலை நிமிராமலே சொன்னார். "இங்க வச்சா என்ன காட்டும்னு எனக்குத் தெரியும். அதான் வைக்கல. உன் வேலையில குத்தம் இல்ல."

தம்பி தோளில் பையோடு வாசற்படியிலேயே நின்றான்.

"பைய எறக்குடா" என்றார் இவர். "ஆப்பு நீதான் வெட்டணும்."

பை தரையில் இறங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.