மேலே ஏறாமல் சொன்ன விலை

முறம் அகலத்துக்குச் சிமென்ட் பூச்சு பெயர்ந்து கட்டிலின் தலைமாட்டில் விழுந்து கிடந்தது. தலையணை நடுவில் பெரிய குழி. காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது நன்றாக இருந்த அறை. அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பிகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் அந்தத் தலையணையில் தலை வைக்கப் போகிறவள் என் மகள், வயிற்றில் பிள்ளையோடு. 

வில்லியனூரில் அவளுடைய மாமியார் வீட்டில் அப்போதுதான் வளைகாப்பு முடிந்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு அவளைச் செலியமேட்டுக்கு அழைத்துவர நாள் குறித்திருந்தோம். அந்த வீட்டு மனிதர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்லவர்கள்தான். ஆனால் ஒரே ஒரு ஹால், அதில் மாமனார், கொழுந்தன், டிவி எல்லாம். நிறைமாத வயிற்றை வைத்துக்கொண்டு அவள் எங்கே கால் நீட்டிப் படுப்பாள்? தினமும் போன் செய்து, "அம்மா, எப்பம்மா வந்து இட்டுனு போற?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். என் கூடப் பிறந்தவன், கட்டட காண்ட்ராக்டர். தவளக்குப்பத்தைச் சுற்றிப் புதிதாக முளைத்த மனைகளில் பாதி வீடு அவன் எழுப்பியது. வீட்டில் ஒரு கட்டட வேலை தெரிந்தவன் இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவது? புல்லட்டில் வந்து இறங்கினான். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அறை வாசலில் நின்றான். செல்போன் டார்ச்சை ஒரு தரம் மேலே அடித்தான்.

"போச்சுக்கா. கம்பி மொத்தமும் துரு. முழுசா இடிச்சுட்டுப் புதுசா தளம் போட்டுறலாம்" என்று சொல்லி, ஒரு தொகையையும் சொன்னான். முறுக்கு தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் கடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எத்தினி மாசம் ஆவும்?" என்று கேட்டேன்.

"மூணு மாசம். மழ புடிச்சிகினா கூடவே ஆவும்."

"அப்ப அவள எங்கடா படுக்க வெக்கறது?"

"அவங்க வூட்டுலயே இருக்கட்டுமே. இன்னா இப்போ?"

இன்னா இப்போவாம்! பொசுக்கென்று சொல்லிவிட்டான். தாய்மாமன் வாயிலிருந்து வர வேண்டிய பேச்சா இது?

நான் தவளக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைக்க ஒரு பெண் வந்தால் துணிக்கு இவ்வளவு, லைனிங் தனி, பைப்பிங் தனி என்று பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் அளவே எடுப்பேன். கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். அதனால் தம்பியிடமும் சாதாரணமாகத்தான் கேட்டேன், எதற்கு எவ்வளவு ஆகும் என்று பிரித்துச் சொல்லேன் என்று. அவன் முகம் கறுத்துவிட்டது.

"இன்னாக்கா, தம்பிகிட்டயே கணக்கு கேக்கற? நான் இன்னா வெளியாளா?"

அவ்வளவுதான், டம்ளரை டக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டான். அப்புறம் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "அகத்தி ஆயிரம் காச்சாலும் புறத்தி புறத்திதான். உன் தம்பி உன்ன ஏமாத்திடுவானா? வளைகாப்புக்கு எம்மாஞ் சீர் செஞ்சான், பாத்த இல்ல? இப்படிக் கேட்டா நாளைக்கி வாசப்படி மிதிப்பானா?"

எங்கள் ஊர்க்காரர்களின் இந்தப் புத்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வீராம்பட்டினத்திலிருந்து மீன்காரம்மா கூடை இறக்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சங்கரா வாங்க மாட்டோம். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். ஆனால் தலைக்கு மேலே இருக்கிற கூரைக்கு நம் சொந்தக்காரன் ஒருத்தன் விலை சொன்னால் வாயில் கொழுக்கட்டை. கேட்டால் உறவு முறிந்துவிடுமாம். கேட்காததால் குடி முழுகின வீடு எத்தனை என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெண்கள்தான் என் கடையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறார்கள்.

என் கடைக்கு வருகிற ஒருத்தி பாகூரிலிருந்து ஒரு காண்ட்ராக்டரை அனுப்பிவைத்தாள். வந்து பார்ப்பதற்கே தனியாகப் பணம் கேட்டார் அந்த ஆள். வந்த நேரத்தில் பாதி நேரம் யாருடனோ போனில் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். மாடியில் அந்த அறைக்கு மேல் மூலையில் குந்தி உட்கார்ந்து, வேப்பிலையும் மண்ணும் அடைத்துக் கிடந்த, மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் வாயைக் குச்சியால் நோண்டினார். கீழே வந்து ஸ்டூலில் ஏறித் தளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார்.

"தண்ணி தேங்கித் தேங்கி இந்த மூலதான் ஊறியிருக்கும்மா. மத்ததெல்லாம் கல்லு மாரி கீது. இத மட்டும் செதுக்கி, துரு சொரண்டி, கூடக் கம்பி கட்டிப் பூசினாப் போதும். மேல மாடித் தரையில ஓட்டப் பேத்துட்டு மறுபடி பதிக்கணும்."

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை சொன்னார். கூட்டிப் பார்த்தால் தம்பி சொன்னதில் கால்வாசிதான். வேலையும் மூன்று வாரத்தில் முடியுமாம்.

அதற்காக நான் உடனே குதிக்கவில்லை. குறைச்சலாகச் சொன்னவன் மட்டும் அரிச்சந்திரனா? பேருக்குப் பூசிவிட்டுப் போய்விட்டால், நாளைக்குப் பிள்ளை மேலே விழுந்தால், யாரைப் போய்க் கேட்பது? ஒருத்தன் எல்லாம் போச்சு என்கிறான், ஒருத்தர் மூலை மட்டும் போச்சு என்கிறார். இரண்டில் ஒன்றுதான் நிஜம். அது எது என்று தெரியாமல் எந்த விலை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

அவர் போனதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஸ்டூலில் ஏறினேன். சுத்தியல், கையில் துணிக்குக் கோடு போடுகிற சாக்கட்டி. அவர் தட்டின இடத்தையும் தட்டினேன், தட்டாத இடத்தையும் தட்டினேன். நல்ல இடத்தில் டங் டங் என்று கெட்டியாகக் கேட்டது. ஊறின இடத்தில் பொத் பொத் என்று காலிப் பானை மாதிரி. பொத்தென்று கேட்ட இடத்தையெல்லாம் சுற்றிக் கோடு இழுத்தேன். கழுத்து விட்டுப்போயிற்று, கண்ணெல்லாம் தூசி. இறங்கி நின்று பார்த்தேன். மூலையில் ஆரம்பித்த கோடு, அறை நடுவில் இருக்கிற இரும்பு வளையத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. வீடு கட்டின காலத்தில் தூளி கட்டுவதற்கென்றே தளத்தில் பதித்த வளையம் அது. என் மகள் தூங்கின தூளி அதில்தான் தொங்கியது.

அக்குளில் கிழிந்த ஜாக்கெட்டோடு வருகிறவளிடம், "இதைத் தூக்கிப் போடு, புதுசா தைச்சுத் தரேன்" என்று நான் சொன்னால் என் கடைக்கு எவள் வருவாள்?

ஞாயிற்றுக்கிழமை தம்பியை வரச் சொன்னேன். வந்தவுடன் காபி தரவில்லை. சுத்தியலைக் கையில் கொடுத்தேன்.

"ஏறு."

"இன்னாக்கா இது?"

"நீ அன்னிக்கி மேல ஏறினியா? மாடிக்கிப் போனியா? வாசல்ல நின்னு டார்ச் அடிச்சுட்டு வெல சொல்லிட்டுப் போயிட்ட. இப்போ ஏறித் தட்டு. கோட்டுக்கு வெளியில எங்கனா பொத்துனு கேட்டா நீ சொன்ன பணத்த நான் இப்பவே எடுத்து வெக்கிறேன்."

"முட்டி வலிக்குது."

"தளம் போட்டா மட்டும் வலிக்காதா? ஏறுடா!"

ஏறினான். தட்டினான். அவனுக்குத் தெரியாத சத்தமா? வளையத்துக்கு அந்தப்பக்கம் எங்கே தட்டினாலும் டங் டங் என்றுதான் கேட்டது. கொஞ்ச நேரம் தட்டிவிட்டு ஸ்டூலிலேயே நின்றுகொண்டிருந்தான், இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு. இன்னா கேக்குது?"

சுத்தியலைக் கட்டிலில் வீசினான். "ஆமாக்கா, நல்லாத்தான் கீது! வளைகாப்புக்கு நான் இன்னா செலவு பண்ணேன்னு உனுக்குத் தெரியுமா? தெரு முழுக்க வரிசை வெச்சனே, பட்டுப் பொடவ, தங்க வளையலு, பழம், ஸ்வீட்டு, அதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு? வட்டிக்கி வாங்கி வெச்சேன். கொறஞ்சா ஊரு இன்னா பேசும்? நான் எங்க போயி எடுக்கறது அத?"

 எனக்கு வந்தது பாருங்கள் கோபம், இத்தனை வருடத்தில் அப்படி வந்ததில்லை.

"அதுக்கு எந் தலைக்கி மேலருந்தா எடுப்ப? ஊரான் வூட்டு நெய்யே எம் பொண்டாட்டி கையேன்னு, எங்காசுல எம்பொண்ணுக்கே சீர் செஞ்சியா? அவ இந்த வூட்டுக்கு வரக் கூடாதுன்னுதான் அம்மாஞ் சீரும் செஞ்சியா? பணம் பத்தலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே! ரெண்டு பூவும் ஒரு டஜன் கண்ணாடி வளையலும் எடுத்துனு வந்திருந்தா நான் வேணான்னு சொல்லியிருப்பனா?"

"நீ சொல்ல மாட்ட. ஊரு சொல்லும்."

"ஊரா வந்து பிள்ள பெக்கப் போவுது?"

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். பின்னாலேயே போகப் பார்த்த வீட்டுக்காரரை ஒரு முறை முறைத்தேன், உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் மெதுவாக, "அந்த பாகூர்க்காரருக்குப் போன் போடு" என்றார்.

பாகூர்க்காரர் செய்த வேலைக்கு நான் காவல் நின்றேன். கடையை மதியம் வரை பூட்டிவிட்டு ஒவ்வொரு நாளும் அண்ணாந்து நின்றேன். என் சாக்கட்டிக் கோட்டுக்கு உள்ளே இருந்ததெல்லாம் கொட்டிய பிறகுதான் அடுத்த வேலைக்கு விட்டேன். "டீச்சரம்மா மாரி நிக்கிறியேம்மா" என்று அவர் சலித்துக்கொண்டார். சலித்துக்கொள்ளட்டும். பூச்சு காய்ந்ததும் மகளைப் போய்க் கூட்டிவந்தேன். வந்த அன்றைக்கு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

தம்பி வரவும் இல்லை, போனும் இல்லை. நானும் பேசவில்லை. கடை வாசலில் அவன் புல்லட் போகும், சத்தம் கேட்டால் மெஷினை வேகமாக மிதிப்பேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தூளி கட்ட நாள் பார்த்தோம். தூளியைத் தன் தாய்மாமன்தான் கட்டி ஆட்டிவிட வேண்டும் என்று என் மகள் பிடிவாதமாக நின்றாள். அவளே அவனுக்குப் போன் செய்தாள். வர மாட்டான் என்றுதான் நான் நினைத்தேன்.

அன்றைக்குக் காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். மாடியில் யாரோ நடக்கிற சத்தம். வெளியே வந்து பார்த்தால் புல்லட் நின்றிருந்தது, ஏணி சாத்தியிருந்தது. தம்பி மேலே மூலையில் குந்தியிருந்தான், தண்ணீர்க் குழாய் வாயைக் கையால் துழாவிக்கொண்டு. யாரும் ஏறச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் பேசாமல் இறங்கி, கையைக் கழுவிவிட்டு நேரே அறைக்குப் போனான். சீர் இல்லை, பழம் இல்லை, சட்டைப் பையில் ஒரு சுத்தியல் மட்டும் இருந்தது. ஸ்டூலில் ஏறிப் புதுப்பூச்சைச் சுற்றித் தட்டினான், வளையத்தைச் சுற்றித் தட்டினான். எல்லாம் டங் டங் என்றது.

"எவனோ செஞ்ச வேல. நான் பாக்காம எப்படிக் கட்டறது?" என்று என் மகளைப் பார்த்துச் சொன்னான். என்னைப் பார்க்கவில்லை.

இதை அன்றைக்கே செய்திருந்தால் என்னடா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவன் தூளிக்கு எடுத்துவைத்த பழம்புடவையை முறுக்கி வளையத்தில் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டான். முழு உடம்பும் அந்த வளையத்தில் தொங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். மேலேயிருந்து ஒரு தூசி விழவில்லை. அவன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டே இருந்தான். 

என் கோபம் போகவில்லை. இப்போதும் போகவில்லை. ஆனாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனுக்குக் கிட்டே போய் நின்றேன்.

"போதும் எறங்குடா. கொழந்த தூக்கத்துக்கு அழுவுது."